மாட்டுப் பொங்கல் தேதியிட்ட கடிதம்

எழுபதுகளின் தொடக்கத்தில், ஆவடியை ஒட்டியிருந்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் பதினோராம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. இன்றைக்கு என் பேத்தி கல்லூரிக்குப் போகிறாள். ஆனாலும் இதைச் சொல்ல ஆரம்பித்தால் என் குரல் தானாக உயர்ந்துவிடுகிறது. "ஆரம்பிச்சிட்டியா" என்று வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவார்கள். எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாதே, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு கோவில்பதாகையில். தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்துப் பிழைத்த குடும்பம். அம்பத்தூரில் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தபோது அப்பா ஒரு பட்டறையில் சேர்ந்தார். இரும்பை உருக்கி அச்சில் ஊற்றுகிற வேலை. அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எழுதப் படிக்கத் தெரியாது. எங்கே கையெழுத்துக் கேட்டாலும் இடது கைப் பெருவிரலை நீட்டுவார்.

அந்தக் காலத்தில் பள்ளிப் படிப்பு பதினொன்றோடு முடியும். கடைசி இரண்டு வருடங்களில், எல்லோருக்கும் பொதுவான பாடங்களோடு விருப்பப் பாடம் என்று ஒன்றை எடுத்துக் கூடுதலாக, ஆழமாகப் படிக்க வேண்டும். மார்க் நிறைய வாங்கியவர்கள் கணக்கோ விஞ்ஞானமோ எடுப்பார்கள். எதிலும் இடம் கிடைக்காதவர்களைச் சரித்திரத்தில் தள்ளிவிடுவார்கள். நான் தள்ளப்படவில்லை, கேட்டு வாங்கினேன். எட்டாவதிலிருந்தே எனக்குச் சரித்திரம் என்றால் பைத்தியம். சேர்க்கைப் படிவத்தில் நான் அதை எழுதியதைப் பார்த்த தலைமையாசிரியர், "உங்களுக்கெல்லாம் இதுதான் சரி" என்றார். எங்களுக்கெல்லாம் என்றால் யாருக்கெல்லாம் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

எங்கள் பிரிவில் மொத்தம் ஏழு பேர். வகுப்பறை என்று தனியாக ஒன்று கிடையாது. விளையாட்டுச் சாமான்கள் போட்டுவைக்கிற அறையில், கிழிந்த வலைகளுக்கும் காற்றுப் போன பந்துகளுக்கும் நடுவில் இரண்டு பெஞ்சு. பள்ளியில் விழா என்றால், ஆய்வாளர் வருகிறார் என்றால், பெஞ்சு தூக்க, பந்தலுக்குக் கயிறு கட்ட, மைதானம் பெருக்க எங்களைத்தான் கூப்பிடுவார்கள். "சரித்திர குரூப்தானே, சும்மாதானே இருக்குதுங்க" என்பார் தலைமையாசிரியர். கணக்குப் பிரிவுப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பார்கள்.

ஏழு பேரில் எனக்கு நெருக்கமானவள் சேக்காட்டிலிருந்து வந்த ஒருத்தி. அவள் அப்பாவும் கூலி வேலையிலிருந்து தொழிற்சாலைக்குப் போனவர்தான். அவளுக்கு ஒரு தடவை படித்தால் போதும். எந்த அரசன் யாரோடு சண்டை போட்டான் என்பதை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அந்தச் சண்டை நடந்த வருடம் மழை பெய்ததா, ஜனங்கள் என்ன சாப்பிட்டிருப்பார்கள் என்று அவள் கேட்பாள். அக்காவின் பிரசவத்துக்காக ஒரு மாதம் பள்ளிக்கு வராமல் இருந்துவிட்டு வந்தும், அரையாண்டுப் பரீட்சையில் சரித்திரத்தில் அவள்தான் முதல். நான் இரண்டாவது. ஆனால் கணக்கில் நான் நாலைந்து மார்க்கில் தவறியிருந்தேன்.

இந்த இடத்தில் எங்கள் சரித்திர ஆசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். யாரிடமும் உரக்கப் பேச மாட்டார். எங்களை வாடி போடி என்று கூப்பிடாத ஒரே ஆசிரியர் அவர்தான். நோட்ஸ் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிற ஆள் இல்லை. ஒரு கோட்டை முற்றுகையைப் பற்றிக் கோட்டைக்கு உள்ளே இருந்தவன் எழுதியதையும் வெளியே இருந்தவன் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துக் காட்டுவார். இரண்டும் வேறு வேறு சண்டை மாதிரி இருக்கும்.

"எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் அதுல என்ன எழுதியிருக்குன்னு முதல்ல பார்க்காதீங்க. யார் எழுதினது, யாருக்காக எழுதினது, எந்தத் தேதில எழுதினது, எழுதினவன் அந்த இடத்துல இருந்தானா, இதைக் கேளுங்க. அப்புறம் படிங்க" என்பார்.

எனக்கு இது புது உலகமாக இருந்தது. அச்சில் வந்தால் உண்மை என்று நம்பி வளர்ந்தவள் நான்.

பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். நைனாவைப் பள்ளிக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. அவர் பட்டறையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, பொங்கலுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். திரும்பி வரும்போது கையில் ஸ்டேஷன் கடை போண்டா பொட்டலம். முகமெல்லாம் சிரிப்பு.

"உன் பேர பெரிய பரீச்சிக்கு அனுப்பறாங்களாம்மா. பெத்தவன் கைநாட்டு வோணும்னாரு பெரிய வாத்யாரு. வெச்சிட்டு வந்துகீறேன்" என்றார்.

அம்மா சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டினாள். எங்கள் தெருவிலேயே பள்ளி இறுதிப் பரீட்சை வரைக்கும் வந்த முதல் பெண் நான்தான். போண்டாவை நாலாகப் பிட்டு எல்லோரும் தின்றோம்.

மாசி மாதம் பிறந்த பிறகு ஒரு நாள் காலையில் அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். அரசுப் பரீட்சைக்கு அனுப்பப்பட்ட மாணவர்களின் பெயர்கள். மூன்று தடவை மேலிருந்து கீழே படித்தேன். என் பெயர் இல்லை. என் தோழியின் பெயரும் இல்லை. எங்கள் பிரிவில் படித்த இன்னொரு பையனின் பெயரும் இல்லை. மற்ற நாலு பேர் பெயர் இருந்தது.

நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்.

"உங்க அப்பனே வந்து எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டான். இந்த வருஷம் பொண்ணை அனுப்ப வேணாம், நிறுத்திக்கறேன்னு. என்னை என்ன பண்ணச் சொல்றே?"

"எங்க நைனாவுக்கு எழுதத் தெரியாது சார்."

"அதான் கைநாட்டு வெச்சிருக்கான். போ."

வெளியே வந்தேன். வெயிலில் எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. தோழி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் இதே பதில்தான் கிடைத்திருந்தது. அவள் அழவில்லை. "எங்க ஊட்ல ஏற்கெனவே மாப்ள பாக்கறாங்கடி. இத கேட்டா அவ்ளோதான்" என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் நைனா வேலை முடிந்து சைக்கிளை நிறுத்துவதற்குள் பிடித்துக்கொண்டேன். அவருக்கு முதலில் புரியவே இல்லை. "பேர் அனுப்பறதுக்குன்னுதானம்மா சொன்னாரு" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

"அந்தக் காயிதத்துல இன்னா எழுதிக்கீதுன்னு கேட்டியா நைனா?"

"பெரிய மனுசன் சொல்றாரு. நம்பாம எப்டிம்மா கேக்கறது?"

அப்போது ஒரு வார்த்தை சொன்னேன். "கைநாட்டுக்குப் பொறந்தா இப்டித்தான் ஆவும்" என்றேன். தெருவில் நாலு பேர் இருந்தார்கள். நைனா உள்ளே போய்க் கை கால் கழுவினார். அன்று சாப்பிடவில்லை. என் ஆத்திரமெல்லாம் யார் மேல் போக வேண்டுமோ அவர்களிடம் போக முடியாமல், கைக்கு எட்டிய தூரத்தில் இருந்த நல்ல மனுஷன் மேல் கொட்டிவிட்டேன். அதற்கு நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று வருடங்கள் போய், அவரும் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அவர் பட்டறைக்குக் கிளம்பவில்லை. அதே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, "வா, போலாம்" என்றார்.

தலைமையாசிரியர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. நைனா கையைக் கட்டிக்கொண்டு, "அய்யா, பரீச்சிக்குப் பேர் அனுப்பறதுக்குன்னுதான நீங்கோ கைநாட்டு கேட்டீங்கோ" என்றார்.

"நான் அப்படிச் சொன்னேனா? யார் சாட்சி?"

நைனா திரும்பி என்னைப் பார்த்தார். பத்துப் பன்னிரண்டு வருடம் நெருப்புக்குப் பக்கத்தில் நின்று உழைத்த மனுஷன், ஒரு மேஜைக்கு முன்னால் வாயடைத்து நிற்கிறார்.

"அந்தக் காகிதத்தைப் பார்க்கலாமா சார்?" என்று கேட்டேன்.

அவருக்குப் பயமே இல்லை. அதுதான் எனக்கு உதவியது. கோப்பிலிருந்து ஒரே குண்டூசியில் குத்தியிருந்த மூன்று காகிதங்களை எடுத்து மேஜையில் போட்டார். "நீ மட்டும் இல்லை, மூணு பேர் அப்பனும் குடுத்திருக்கான். நல்லாப் படி. உன் அப்பனுக்கும் படிச்சுக் காட்டு" என்றார்.

உரக்கப் படித்தேன். குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகளை இந்த ஆண்டு பரீட்சைக்கு அனுப்ப இயலவில்லை, என் சொந்த விருப்பத்தின் பேரில் நிறுத்திக்கொள்கிறேன், இதற்குப் பள்ளி எவ்விதத்திலும் பொறுப்பல்ல. கீழே நைனாவின் பெருவிரல் ரேகை. அதற்கும் கீழே, என் முன்னிலையில் ஒப்பமிடப்பட்டது என்று தலைமையாசிரியரின் கையெழுத்து. மற்ற இரண்டு காகிதங்களும் அச்சு அசல் அதேதான். பெயர் மட்டும் வேறு. பையனின் காகிதத்தில் மகளை என்று எழுதி, அடித்து, மகனை என்று திருத்தியிருந்தது.

படித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டுவிட்டன.

ஒன்று, அந்த எழுத்து. ழகரத்தின் வாலை அடுத்த வரியைத் தொடும்படி நீளமாக இழுக்கிற எழுத்து. இரண்டு வருடமாகக் கரும்பலகையிலும் என் நோட்டுப் புத்தகத்தின் ஓரத்திலும் நான் பார்த்துப் பழகியது. எங்கள் சரித்திர ஆசிரியரின் கையெழுத்து.

இரண்டாவது, தேதி. மூன்றிலும் ஒரே தேதி. நைனா பள்ளிக்குப் போன நாள் இல்லை அது. அதற்கு முந்தைய வாரத்துத் தேதி. பெயர்ப் பட்டியல் கிளம்புவதற்கு முன்னாலேயே பெற்றோர்கள் எழுதிக் கொடுத்துவிட்டதாகக் காட்ட வேண்டுமே, அதற்காக முன்தேதி போட்டிருக்கிறார்கள். அப்படிப் போட்ட தேதி, அந்த வருடத்து மாட்டுப் பொங்கல்.

கத்திவிடத்தான் வாய் வந்தது. எப்படியோ அடக்கிக்கொண்டு கேட்டேன்.

"இது எங்க வெச்சு எழுதினது சார்?"

"இங்கதான். இந்த ரூம்ல, என் எதிர்ல. கையெழுத்துப் போட்டிருக்கேனே, கண்ணு தெரியலையா?"

"இந்தத் தேதிலதான் சார் எங்க நைனா வந்தாரா?"

"தேதி போட்டிருக்கில்ல? அன்னிக்குத்தான்."

சரி சார் என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வெளியே வந்து, தண்ணீர்க் குழாய் மேடையில் நோட்டை வைத்து, ஓர் எழுத்து விடாமல் அதை அப்படியே எழுதினேன். அத்தனை வருடம் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்தது அன்றைக்குத்தான் உருப்படியாக உதவியது. எழுதும்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. எங்கள் ஏழு பேரில் நாலு பேருடைய அப்பாக்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். மூன்று பேருடைய அப்பாக்கள் கைநாட்டு. அந்த மூன்று வீட்டுக்குத்தான் ஆள் போயிருக்கிறது. எனக்குக் கணக்கு வராது என்பதோ, தோழி ஒரு மாதம் வரவில்லை என்பதோ மட்டும் காரணம் இல்லை. பரீட்சைக்குப் போனவர்களில் யாரும் தோற்றுப் பள்ளியின் தேர்ச்சி விகிதம் குறையக் கூடாது. கழிக்க ஆள் வேண்டும். கேள்வி கேட்கத் தெரியாத வீடாகப் பார்த்துக் கழித்திருக்கிறார்கள்.

விளையாட்டுச் சாமான் அறையில் சரித்திர ஆசிரியர் தனியாக உட்கார்ந்திருந்தார். நைனா வாசலிலேயே நின்றுகொண்டார். நான் உள்ளே போனேன்.

"சார், அந்த மூணு கடிதமும் நீங்க எழுதினதா?"

கையிலிருந்த புத்தகத்தை மூடிவைத்தார். பிறகு, "ஆமாம்மா" என்றார். "அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகலை. மாட்டேன்னு சொன்னா அடுத்த ஜூன்ல நான் இங்க இல்லை."

நான் எதிர்பார்த்தது, இல்லை என்று சொல்வார், அல்லது அழுவார், அல்லது திட்டுவார். இப்படிச் சாதாரணமாகச் சொல்வார் என்று எதிர்பார்க்கவில்லை.

"எங்க நைனாவுக்குப் படிக்கத் தெரியாது சார். உங்களுக்குத் தெரியுமே" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தலைமையாசிரியர் மேல் எனக்கு இருந்தது வெறும் கோபம். அவர் எங்களை ஒருநாளும் மனுஷர்களாக மதித்ததில்லை, அதனால் அதில் ஏமாற்றம் இல்லை. இவர் மேல் வந்தது அப்படி இல்லை. யார் எழுதியது, யாருக்காக எழுதியது என்று கேட்கச் சொன்னவரே இதை எழுதியிருக்கிறார்.

மனுவை நானே எழுதினேன். தோழியின் அப்பாவைக் கூப்பிட்டோம். "பெரிய எடத்து விசயம், எங்கள உட்ருங்க" என்று சொல்லிவிட்டார். பையனின் அப்பாவுக்கு அன்று விடுப்புக் கிடைக்கவில்லை. மூன்று பேர் பெயரையும் போட்டு, நைனாவும் நானும் மட்டும் ரயிலேறிக் கல்வி அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனோம். காலையில் போனவர்களை மத்தியானம் மூன்று மணிக்குத்தான் உள்ளே விட்டார்கள்.

அதிகாரி நல்லவரா கெட்டவரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. களைத்துப்போனவர் என்று மட்டும் தெரிந்தது. மனுவை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "கைநாட்டு உங்க அப்பா வெச்சதுதானேம்மா?" என்றார்.

"ஆமா சார்."

"அப்புறம் என்ன?"

"தேதி பொய் சார். அன்னிக்கு ஸ்கூல் கிடையாது. பூட்டியிருந்துச்சு. அவர் ரூம்ல, அவர் எதிர்ல கைநாட்டு வெச்சதா அவரே எழுதி, கையெழுத்துப் போட்டிருக்கார்."

"அன்னிக்கு ஸ்கூல் லீவுன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"லீவு விட்டது உங்க ஆபீஸ்தான் சார்."

துடுக்காகத்தான் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற குமாஸ்தா என்னை முறைத்தார். அதிகாரி சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். எழுந்து போய் ஜனவரித் தாளைப் புரட்டினார். திரும்பி வந்து உட்கார்ந்து நைனாவைப் பார்த்து, "மாட்டுப் பொங்கல் அன்னிக்கு எங்கய்யா இருந்தே?" என்று கேட்டார்.

"திருமழிசைல, எங்க சின்னாயா ஊட்ல சாமி. மாட்டுக்குக் கொம்பு சீவிகினு இருந்தேன்" என்றார் நைனா. பிறகு, யாரும் கேட்காமலேயே, முதல் தடவையாகக் குரலை உயர்த்திச் சொன்னார். "எனக்குப் படிக்கத்தான் தெரியாது சாமி. எம் பொண்ணு படிக்கக் கூடாதுன்னு நான் எதுக்குக் கைநாட்டு வெக்கப் போறேன்?"

அதிகாரி மனுவின் மேல் சிவப்பு மையில் ஏதோ எழுதினார். போகலாம் என்று தலையை அசைத்தார்.

இரண்டு நாள் கழித்து ஒருவர் வந்து அந்த மூன்று காகிதங்களையும் கோப்போடு எடுத்துப்போனார். தலைமையாசிரியர் அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது, கையால் எழுதிய மூன்று நுழைவுச் சீட்டுகள் வந்தன.

ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். தோழியின் சீட்டைப் பற்றிச் சொல்ல சேக்காட்டுக்கு ஓடினேன். வீட்டு வாசலில் வாழை மரம் காய்ந்து தொங்கியது. பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பரீட்சைதான் இல்லை என்றாகிவிட்டதே என்று, பார்த்த மாப்பிள்ளையையே பத்து நாளில் பேசி முடித்து, பூந்தமல்லிப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். எனக்குச் சொல்லக்கூட இல்லை. நைனாவைக் கூட்டிக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனேன். மாமியார் பக்கத்திலேயே நின்றாள். தோழி, "நீ எழுதுடி. எனக்கு இன்னும் தாலியோட மஞ்சக் கயிறு கூட மாத்தல, எப்டி வருவேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எழுதி முடிச்சா கேள்வித்தாள எடுத்துகினு வா" என்றாள்.

அந்தப் பையன் எழுதி, தேறவில்லை. "நான் அப்பவே சொன்னேன்" என்று தலைமையாசிரியர் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாராம். எழுதித் தோற்பதற்கும் ஒருத்தனுக்கு உரிமை உண்டு என்பது அவர் மண்டைக்கு எட்டவே இல்லை. அடுத்த வருடம் அவர் வேறு ஊரில் இதைவிடப் பெரிய பள்ளிக்கு மாற்றலாகிப் போனார். அது தண்டனையா, பரிசா என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆள் சேரவில்லை என்று சரித்திரப் பிரிவையும் மூடிவிட்டார்கள்.

நான் தேறினேன். கணக்கில் தட்டுத் தடுமாறி, சரித்திரத்தில் பள்ளியிலேயே முதலாக.

சரித்திரப் பரீட்சை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போயிருந்தேன். தோழி முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொரு கேள்வியாகப் படித்தேன். அவள் தலையைத் தூக்காமல் பதில் சொன்னாள். முழுப் பதில், காரணங்களோடு, வருடங்களோடு. நான் தப்பாக எழுதிவிட்டு வந்த ஒரு கேள்விக்கு அவள் சரியாகச் சொன்னாள். கடைசிக் கேள்விக்குப் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அந்தப் பதிலை அவள் முடிக்கவே இல்லை.

ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். நுழைவுச் சீட்டுகளைக் கொடுத்தவர் சரித்திர ஆசிரியர்தான். என் முறை வந்தபோது சீட்டை நீட்டிக்கொண்டே, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "தேதியைப் பார்த்துட்டே இல்ல" என்றார். நான் வெடுக்கென்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் எத்தனையோ வருடம் அதையே போட்டு உருட்டியிருக்கிறேன். பொங்கல் முடிந்து பத்து நாள்கூட ஆகாத சமயம். பள்ளிக்கு விடுமுறை விட்ட நாள் எது என்று ஒரு சரித்திர வாத்தியாருக்கு மறந்துபோகுமா? நாங்கள் கண்டுபிடிக்கட்டும் என்று தெரிந்தே அந்தத் தேதியைப் போட்டாரா? சொல்லச் சொல்ல எழுதியவருக்குத் தேதியை மட்டும் தானே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்ததா? என் கணவர், "அவர்தான் உன்னைக் காப்பாத்தினவர், அவருக்குப் போய் நன்றி சொல்லு" என்பார். நான் போகவில்லை. தெரிந்தே போட்டிருந்தால் எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது. தன் வேலையைப் பத்திரப்படுத்திக்கொண்டு, துணிச்சலைப் பதினாறு வயசுப் பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டு ஒதுங்கி நின்றிருக்கிறார். அதே தேதி என் தோழியின் காகிதத்திலும்தானே இருந்தது.

பின்னாளில் நான் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தேன். கைநாட்டு வைக்க யார் வந்தாலும், காகிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், தேதியோடு சேர்த்து, அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டாமல் மைப்பெட்டியைத் திறந்ததில்லை. வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். மேலதிகாரிகள் சலித்துக்கொள்வார்கள். வந்தவர்கள் மட்டும், "இந்தம்மாவுக்கு எவ்ளோ பொறுமை பாரு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்குப் பொறுமை என்பது ஒருநாளும் இருந்ததில்லை. தலைமையாசிரியரின் மேஜைக்கு முன்னால் நின்றபோது வந்த கோபம்தான் அத்தனை வருடமும் அங்கே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தது.